‘முடியாது’ என்று சொல்லக் கற்றுத்தருமா பல்கலைக்கழகம்?

பெங்களூரு:

பெங்களூருவின் ஓசூர் சாலையில் காலை வேளையில் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி தவறாமல் கிட்டும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நிறுவனப் பேருந்துகளில் எலக்ட்ரானிக் சிட்டி நோக்கிச் செல்லும் இளைஞர் கூட்டம்தான் அது. ஓசூர், தருமபுரி, சேலம், வேலூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் இளைஞர்களும் அதில் உண்டு. அலுவலகத்தில் நுழைந்ததும் இவர்களில் பலர் செய்யும் முதல் வேலை, ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவாக நின்றபடியோ கணினித் திரை வழியாகவோ கூடிப் பேசுவதாகும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எந்த இடத்தில் தடை ஏற்பட்டுள்ளது என்ற மூன்று செய்திகளை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடங்களில் கூட்டம் முடிந்துவிடும்.

முதல் இரண்டையும் சொல்வது எளிது. மூன்றாவதில்தான் சிக்கல். “எனக்கு இது புரியவில்லை”, “குறித்த தேதிக்குள் இது முடியாது” என்று மேலாளர் முன்னிலையில், சில வேளைகளில் அமெரிக்க வாடிக்கையாளர் முன்னிலையில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பில் நம் மாணவர்கள் கற்காமல் வரும் பாடம் எதுவென்று கேட்டால், இதுவே என்று தயங்காமல் கூறலாம்.

‘அஜைல்’ என்று அழைக்கப்படும் இந்தக் குழுமுறை மென்பொருள் உருவாக்கம் இன்று பொறியியல் கல்லூரிகளின் பாடத்திட்டங்களில் ஏறிவிட்டது. அதன் சொற்கள் மனப்பாடம் செய்யப்படுகின்றன, தேர்வில் கேட்கப்படுகின்றன. ஆனால் அந்த முறையின் உயிர்நாடியாகிய கேள்வி கேட்கும் துணிவும், ஒருவர் உழைப்பை மற்றவர் மதிக்கும் சமத்துவமும் வகுப்பறைக்குள் வந்தனவா என்பது வேறு கேள்வி. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைபார்க்கும் ஒரு துறையின் எதிர்காலம் இந்தக் கேள்வியுடன் பிணைந்திருக்கிறது.

ஆவணங்களின் நகரம்

1978-ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் எலக்ட்ரானிக் சிட்டிக்கு அடித்தளமிட்டது. 1983-ல் புனேயிலிருந்து இன்ஃபோசிஸ் பெங்களூருவுக்கு இடம் பெயர்ந்தது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே தனது ஆய்வு, வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. 1991-ல் மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு ஏற்றுமதி பெருகியது.

அக்காலத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுந்த முதல் ஐயம், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இருப்போரை எப்படி நம்புவது என்பதே. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியியல் நிறுவனம் வகுத்த ஐந்து படிநிலைச் சான்று முறை அதற்கு விடையாக அமைந்தது. சி.எம்.எம். எனப்பட்ட அந்த முறையின் மிக உயர்ந்த ஐந்தாம் படியை உலகிலேயே முதலில் எட்டிய ஒருசில நிறுவனங்களுள் பெங்களூருவில் இயங்கிய மோட்டரோலா இந்தியா எலக்ட்ரானிக்சும் ஒன்று. 2000-களின் தொடக்கத்தில் ஐந்தாம் படிச் சான்று பெற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்தியாவிலேயே இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தப் பெருமைக்கு அடிப்படை, ஆவணங்கள். தேவை என்ன என்பதற்கு ஓர் ஆவணம். வடிவமைப்புக்கு ஓர் ஆவணம். சோதனைக்கு ஓர் ஆவணம். ஒரு கட்டம் முடிந்து கையொப்பம் விழுந்த பின்னரே அடுத்த கட்டம் தொடங்கும். அருவியில் நீர் மேலிருந்து கீழே மட்டும் விழுவதைப்போல் வேலை ஒரே திசையில் இறங்குவதால் இது ‘அருவி முறை’ எனப் பெயர் பெற்றது. இம்முறையின் மூலமாக மேற்கோள் காட்டப்படும் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளரின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையோ, இதை அப்படியே பின்பற்றினால் தோல்வி நேரும் என்றுதான் எச்சரித்தது. எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. நம் பாடநூல்களும் அவ்வாறே செய்தன.

பனிமலையில் பதினேழு பேர்

அருவி முறையின் குறை, காலம் கடந்த பின்னரே வெளிப்படும். ஓராண்டு உழைத்து முடித்த மென்பொருளைக் கண்ட வாடிக்கையாளர், தாம் கேட்டது இதுவன்று என்பார். அல்லது அவர் கேட்டதே அதற்குள் மாறியிருக்கும்.

இதற்கு மாற்றுத் தேடியவர்கள் பலர். 1986-ல் ஜப்பானிய அறிஞர்கள் தாக்கேயுச்சியும் நோனாக்காவும், ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்களில் புதிய பொருள்கள் உருவான விதத்தை ஆராய்ந்தனர். ஒருவர் ஓடி முடித்து அடுத்தவரிடம் கோலைக் கொடுக்கும் தொடர் ஓட்டமாக அல்லாமல், ரக்பி ஆட்டக்காரர்கள் பந்தைத் தமக்குள் மாற்றிக்கொண்டே கூட்டாக முன்னேறுவதைப்போல் அங்கே வேலை நடந்ததாக எழுதினர். அந்த ஆட்டத்தின் சொல்லையே எடுத்து, ‘ஸ்க்ரம்’ என்ற முறையை ஜெஃப் சதர்லாந்தும் கென் ஷ்வேபரும் 1995-ல் முன்வைத்தனர். அதே காலகட்டத்தில் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மென்பொருளை உருவாக்கும் பணியில் கென்ட் பெக் ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ முறையைச் செதுக்கினார். இருவர் ஒரே கணினி முன் அமர்ந்து நிரல் எழுதுவது அதன் அடையாளங்களுள் ஒன்று.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டு என்ற பனிமலை விடுதியில் இத்தகைய முறைகளின் முன்னோடிகள் 17 பேர் கூடினர். அவர்கள் வெளியிட்ட அறிக்கையே அஜைல் என்ற பெயருக்கு வித்திட்டது. விதிமுறைகளைக் காட்டிலும் மனிதர்களும் அவர்களது உரையாடலும், ஆவணக் குவியலைக் காட்டிலும் ஓடும் மென்பொருளும், ஒப்பந்தப் பேரத்தைக் காட்டிலும் வாடிக்கையாளருடன் கூட்டுழைப்பும், திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைக் காட்டிலும் மாற்றத்துக்கு இடங்கொடுப்பதும் மேலானவை என்பது அதன் சாரம். அதனுடன் 12 கோட்பாடுகளும் இணைக்கப்பட்டன.

நடைமுறையில் இது எளிமையானது. பத்துப் பேருக்கு மிகாத குழு, ஒரு மாதத்துக்கு மிகாத சிறு சுற்றுகளில் வேலையைப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஓடும் மென்பொருளின் ஒரு பகுதியைக் காட்ட வேண்டும். பிறகு, நாம் வேலை செய்த விதத்தில் எது சரி, எது தவறு என்று குழு தன்னைத்தானே ஆய்வு செய்துகொள்ள வேண்டும்.

பெங்களூருவில் ஒரு சோதனை

நேருக்கு நேர் பேசுவதை உயிராகக் கொண்ட முறை, கடல் கடந்த வேலைக்குப் பொருந்துமா? இந்தக் கேள்விக்கு விடை தேடப்பட்ட முக்கிய இடங்களுள் ஒன்று பெங்களூரு. அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான மார்ட்டின் ஃபவுலர் பணியாற்றும் தாட்வொர்க்ஸ் நிறுவனம் 2001-ல் இங்கே தனது மையத்தைத் தொடங்கியது. அந்த அனுபவத்தை அவர் கட்டுரையாகப் பதிவு செய்துள்ளார்.

இரு நாட்டுக் குழுக்களிலிருந்தும் ஆட்கள் மாறி மாறிச் சென்று தங்க வேண்டும், எழுதிய நிரலை நாள்தோறும் ஒன்றிணைத்துச் சோதிக்க வேண்டும் என்பன போன்ற நடைமுறைப் பாடங்கள் அதில் உள்ளன. எனினும், நம் கவனத்துக்கு உரியது வேறொன்று. மேலோரிடம் கேள்வி கேட்காமலும், சிக்கலைச் சொல்லாமலும், முடியாத கெடுவை ஏற்றுக்கொண்டும் பழகிய பணிச்சூழலிலிருந்து வந்தவர்களை மாற்றுவதே மிகக் கடினமான பணி என்று அவர் எழுதினார். ஆசிய நிறுவனங்களைக் குறிப்பாகச் சுட்டிய அவர், இது வேறு பல இடங்களிலும் உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்நிறுவனம் புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கென ‘தாட்வொர்க்ஸ் பல்கலைக்கழகம்’ என்ற பெயரில் ஒரு பயிற்சிமுறையைப் பெங்களூருவில் நடத்தியது. பல நாடுகளில் தேர்வான இளைஞர்கள் இங்கே வந்து, சில வாரங்கள் ஒரே குழுவாக ஒரு மென்பொருளை உருவாக்கிப் பழகினர். ஒரு தனியார் நிறுவனம் தன் பயிற்சிக் கூடத்துக்குப் ‘பல்கலைக்கழகம்’ என்று பெயர் சூட்டியதில் ஒரு குத்தல் ஒளிந்திருக்கிறது. பல்கலைக்கழகங்கள் செய்யாததைத் தொழில் நிறுவனம் செய்ய வேண்டியதாயிற்று.

விப்ரோ 1995-லேயே பிட்ஸ் பிலானியுடன் இணைந்து, அறிவியல் பட்டதாரிகளை வேலைக்கு அமர்த்திக்கொண்டே முதுநிலைப் பட்டம் படிக்க வைத்தது. இன்ஃபோசிஸ் மைசூருவில் மாபெரும் பயிற்சி வளாகத்தை எழுப்பியது. இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவரே இத்துறை வேலைக்கு ஏற்றவர் என்று நாஸ்காம், மெக்கின்சி அமைப்புகள் 2005-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது நாடெங்கும் பேசப்பட்டது. அந்த எண்ணிக்கையை வைத்துப் பட்டதாரிகளைக் குறைகூறியோர் பலர். அவர்கள் எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டார்கள் என்று கேட்டோர் சிலரே.

நால்வர் பெயர், ஒருவர் உழைப்பு

பெலகாவியைத் தலைமையிடமாகக் கொண்ட விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1998-ல் தொடங்கப்பட்டது. பெங்களூருவின் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் அதனுடன் இணைக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். ‘ஸ்க்ரம் முறையை விளக்குக’ என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம். ஒரு மாணவி தன் தோழரின் நிரலில் உள்ள பிழையை மனம் நோகாமல் சுட்டிக்காட்டக் கற்றுக்கொண்டாளா என்பதை எந்த வினாத்தாளாலும் அளக்க முடியாது.

இறுதியாண்டுத் திட்டப்பணி என்ற ஒன்று உண்டே என்று கேட்கலாம். மாணவர்கள் நால்வர் வரை சேர்ந்து செய்யும் பணி அது. திறமையுள்ள ஒருவர் நிரல் எழுதுவார். மற்றவர் அறிக்கை தட்டச்சு செய்வார். இன்னொருவர் அட்டை போட்டுக் கொண்டுவருவார். அதுவும் இயலாதோர்க்குப் பெங்களூருவிலும் சென்னையிலும் கோவையிலும் ‘புராஜெக்ட் சென்டர்’கள் இருக்கின்றன. பணம் கட்டினால் மென்பொருளும் அறிக்கையும் ஒன்றாகக் கிடைக்கும். இந்த வாணிகம் ஊரறிந்த ரகசியம். பல்கலைக்கழகங்கள் இதை அறியாதவை அல்ல.

தில்லியில் உட்கார்ந்து விதி வகுப்போரும் குழுப்பணியை மறந்துவிடவில்லை. 2014 ஜூன் மாதம் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினரானது. அதன்படி தேசியத் தரச்சான்று வாரியம் பட்டதாரிகளுக்கு வகுத்த பன்னிரண்டு பண்புகளுள் குழுப்பணியும் ஒன்று. 2018-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் மொத்தப் பாடச்சுமையை 160 மதிப்பலகுகளாகக் குறைத்து, தொழிற்பயிற்சிக்கு இடமளித்தது. நோக்கம் நல்லதே. கல்லூரியில் நடப்பதோ, ஆசிரியர்கள் இரவெல்லாம் கண்விழித்துப் பாடத்துக்கும் பண்புக்கும் நேராக ஒன்று, இரண்டு, மூன்று என எண்களை இட்டு அட்டவணை நிரப்புவதுதான். ஆவணத்தைக் குறைக்க வந்த முறையைக் கற்பித்ததற்கும் ஆவணமே சான்று!

பேச்சும் மொழியும்

இம்முறையில் கவனிக்கப்படாத ஒரு சமூகக் கூறு உண்டு. ஆவணங்கள் கோலோச்சிய காலத்தில், தமிழ்வழியிலோ கன்னடவழியிலோ பயின்று வந்த ஒருவர், ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாவிட்டாலும், தன் நேரத்தில் எழுதிக்கொடுத்துத் திறமையை நிறுவ முடிந்தது. அஜைல் முறை பேச்சை நம்பி நிற்கிறது. ஒவ்வொரு நாளும் எழுந்து நின்று, எதிர்பாராத கேள்விக்கு அந்தக் கணமே விடை சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவருக்கும் பெங்களூருவின் பெயர்பெற்ற ஆங்கிலப் பள்ளியிலிருந்து வந்தவருக்கும் இந்தப் பதினைந்து நிமிடங்கள் ஒன்றல்ல.

கல்லூரிக் குழுக்களிலேயே இந்தப் பிரிவினை தொடங்கிவிடுகிறது. ஆங்கிலம் பேசுபவர் முன்னின்று விளக்குவார். பேசாதவர் பின்னின்று உழைப்பார். மாணவிகளிடம் அறிக்கை எழுதும் வேலை தானாகவே ஒப்படைக்கப்படும். நான்கு ஆண்டுகள் இப்படிப் பழகியவர்கள் வேலைக்குச் சென்றதும் சமமான குழுவாகிவிடுவார்கள் என எதிர்பார்ப்பது வீண். சுற்றுக்கு ஒருமுறை பொறுப்புகளை மாற்றி, அனைவரும் நிரல் எழுதவும் அனைவரும் விளக்கவும் செய்வதே இம்முறையின் இயல்பு. அதை ஆசிரியர் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தினால், பின்வரிசை மாணவருக்கு இதைவிடச் சிறந்த வாய்ப்பு வேறில்லை. குழுவினர் தமக்குள் தமிழிலோ கன்னடத்திலோ விவாதிக்கத் தடையும் தேவையில்லை. ‘கணியம்’ போன்ற தமிழ் மின்னிதழ்கள் இத்துறைச் செய்திகளைத் தமிழிலேயே எழுதிவருவது இதற்குத் துணைபுரியும்.

மைசூரு எழுப்பிய கேள்வி

2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சி நிலைப் பணியாளர்களை இன்ஃபோசிஸ் வெளியேற்றியது. இவர்களில் பலர் 2022-ல் தேர்வு செய்யப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து பணியில் சேர்ந்தவர்கள். மூன்று வாய்ப்புகள் அளித்தும் உள்தேர்வில் தேறவில்லை, ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனை உள்ளது என்றது நிறுவனம். ஊழியர் அமைப்பு ஒன்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் முறையிட்டது. மாநிலத் தொழிலாளர் துறை விசாரணை நடத்தியது. சட்டமீறல் இல்லை என்று அது முடிவுக்கு வந்ததாகச் செய்திகள் வெளியாயின.

சட்டம் அவ்வாறே இருக்கட்டும். குழுவாக உழைப்பதே எங்கள் பண்பாடு என்று பறைசாற்றும் ஒரு துறை முழுவதிலும், நுழைவாயிலில் ஆளைத் தனித்தனியே நிறுத்தித் தேர்வு வைத்துக் கழிக்கும் வழக்கமே நிலவுகிறது. கல்லூரி குழுப்பணியைக் கற்பிக்காததன் விலையை இறுதியில் மாணவரே கொடுக்கிறார்.

எட்டாவது கோட்பாடு

அஜைல் அறிக்கையின் 12 கோட்பாடுகளில் எட்டாவது, பாடநூலில் அச்சாகியும் பேசப்படாத ஒன்று. மென்பொருள் உருவாக்குவோர் காலவரையின்றித் தாங்கக்கூடிய ஒரே சீரான வேகத்தில் உழைக்க வேண்டும் என்பது அதன் பொருள். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறை தொடக்கத்தில் இதை இன்னும் வெளிப்படையாக, வாரம் 40 மணி நேரம் என்று கூறியது. பதினோராவது கோட்பாடு, குழு தன் வேலையைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையைப் பேசுகிறது.

பெங்களூருவின் நடைமுறை இதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் கூறினார். 2024 ஜூலையில் தகவல் தொழில்நுட்பத் துறையில் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்க வழிசெய்யும் சட்டத் திருத்த முன்மொழிவு கர்நாடக அரசின் பரிசீலனைக்கு வந்தது. 14 மணி நேர வேலைநாளுக்கான முயற்சி இது என்று கூறி, கர்நாடக மாநில தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. பணி நிபந்தனைகளை எழுத்துப்பூர்வமாக வரையறுக்கக் கோரும் 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்திலிருந்து இத்துறைக்கு 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் தலா ஐந்தாண்டுகள் விலக்கு அளிக்கப்பட்டதையும் இங்கே நினைவுகூர வேண்டும். அச்சட்டம் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தில் கரைந்துவிட்டது. நிலையாணை தேவைப்படும் நிறுவனத்தின் குறைந்தபட்ச ஆள்பலம் புதிய சட்டத்தில் நூறிலிருந்து 300 ஆக உயர்ந்துள்ளது.

இந்தச் சூழலில் காலைக் கூட்டம், குழுவின் உரையாடலாக இல்லாமல், மேலாளர் வருகைப் பதிவேடு வாசிக்கும் சடங்காகிவிடும் ஆபத்து உண்டு. சிறு சுற்று என்பது ஓய்வில்லாத கெடுக்களின் தொடராகிவிடும். எட்டாவது கோட்பாட்டை அறியாத இளைஞர் அதையே அஜைல் என்று நம்பிவிடுவார்.

செய்ய வேண்டியது என்ன?

மென்பொருள் பொறியியல் பாடத்தின் மதிப்பெண்ணில் பெரும்பகுதியை எழுத்துத் தேர்விலிருந்து எடுத்துக் குழுப்பணிக்கு அளிக்க வேண்டும். ஓராண்டுக்கு ஒருமுறை மதிப்பிடாமல் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஓடும் மென்பொருளைப் பார்த்து மதிப்பிட வேண்டும். யார் எந்த வரியை எழுதினார் என்பதைப் பதிவு செய்யும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் புராஜெக்ட் சென்டர்களின் கடை தானே காற்றாடும். ஓர் ஆசிரியருக்கு அறுபது மாணவர் என்றால் இவை எதுவும் நடவாது. ஆகவே காலிப் பணியிடங்களை நிரப்புவதே முதல் படி.

வாடிக்கையாளரும் கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசுப் பள்ளி, கிளை நூலகம், ஆரம்ப சுகாதார நிலையம், கூட்டுறவுச் சங்கம் என எங்கும் சிறு மென்பொருள் தேவை உண்டு. நூலகர் ஒருவர், “இது எனக்குப் பயன்படாது” என்று சொல்லும்போது மாணவர் கற்கும் பாடத்தை எந்த நூலும் தராது. கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கம் பொறியியல் மாணவர்களுக்காக நடத்திவந்துள்ள கோடை முகாம்களும், சென்னையில் 1990-களின் இறுதி முதல் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுவும், முன்பின் அறியாதோர் கூடி உழைக்கக் கற்கலாம் என்பதைக் காட்டியுள்ளன. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் மாதம் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் இத்தகைய பயிற்சிக்கு இடமுண்டு.

நிரல் எழுதும் வேலையில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொண்டுவிட்ட காலம் இது. இனி மனிதருக்கு எஞ்சுவது, எதை எழுத வேண்டும், யாருக்காக எழுத வேண்டும், எழுதியது சரியா என்று கூடி முடிவெடுக்கும் பணியாகும். அதற்குத் தனித்தேர்வில் முதலிடம் பெற்றவர் மட்டும் போதாது.

வகுப்பறையில் “புரியவில்லை ஐயா” என்று எழுந்து சொன்ன மாணவரை உட்காரச் சொல்லும் கல்வி, நாளை “முடியாது” என்று சொல்ல வேண்டிய இடத்தில் தலையாட்டும் ஊழியரையே உருவாக்கும். மாற்றம் எலக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களில் தொடங்கப்போவதில்லை. அது தொடங்க வேண்டிய இடம், கல்லூரி வகுப்பறையின் கடைசி வரிசை.